லாபிஸ் ராணி ஏன் மூழ்கினாள்

நான் தேநீரில் சீனி போட்டுக்கொள்வதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் என் மனைவி தனலெட்சுமியைக் கேட்டால் வேறுமாதிரி சொல்வாள். சாமி மேடையில் இருக்கும் கற்கண்டை நான் திருட்டுத்தனமாகத் தின்று தீர்க்கிறேன் என்பது அவள் கட்சி. இனிப்பு நீர் வியாதி உள்ள மனிதன் செய்கிற காரியமா இது என்று தெருவுக்கே கேட்கும்படி கேட்டிருக்கிறாள். கற்கண்டை எடுத்தது நான்தான். தின்றது நானில்லை. நடுவில் அது எங்கே போனது என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

என் பெயர் சபாபதி. எண்ணெய் ஆலை ஒன்றில் பம்பு பழுதுபார்க்கும் ஃபிட்டராக இருந்து ஓய்வுபெற்றவன். லாபிஸில் எங்கள் தாமானில், அதாவது குடியிருப்பில், மழைவெள்ளம் தேங்குவதற்கென்று வெட்டிய ஏரி ஒன்று உண்டு. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் நாங்கள் சிலபேர் அங்கே ரிமோட்டில் ஓடும் மாதிரிக் கப்பல்களை விடுவோம். பேரன் பேத்தி எடுக்கிற வயதில் பொம்மைக் கப்பல் எதற்கு என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவர்கள் என் வீட்டில் இருந்து பார்க்கலாம்.

செபஸ்தியன் அண்ணன் எனக்கு அடுத்த லோரோங்கில், பக்கத்துச் சந்தில் இருக்கிறார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். துறைமுகத்தில் இழுவைக் கப்பலில் வேலை பார்த்தவர். அதாவது, பெரிய கப்பலைக் கயிறு கட்டி இழுத்துக் கரை சேர்க்கிற குட்டிக் கப்பல். அதே மாதிரி ஒரு பொம்மையை யோங் பெங்கில் பழைய சாமான் கடையில், கோழிக்கூண்டுக்கு அடியில் கண்டுபிடித்துத் தூக்கிக்கொண்டு வந்தார். கை நீளம் இருக்கும். அடிப்பாகம் விரிசல், புகைபோக்கி இல்லை, எஞ்சின் அறையில் எலி குடும்பம் நடத்தியிருந்தது. நாங்கள் இருவரும் சேர்ந்து அதைச் சீர்செய்தோம். புகைபோக்கிக்கு என் மனைவியின் மாத்திரை டப்பா உதவியது. ‘லாபிஸ் ராணி’ என்று பெயர் எழுதியது நான்.

அப்போது அண்ணனின் மனைவி டோரிஸ் உயிரோடு இருந்தார். சமையலறை மேசையை ராணி பிடித்துக்கொண்டதில் அவருக்கு வருத்தம். ஒருநாள் எங்களுக்குக் காப்பி வைத்துக்கொண்டே சொன்னார்.

“பொம்மைக் கப்பல ஒரு ரவுண்டு ஒழுங்கா ஓட்டத் தெரியாத ஆளு கையில யாரு பேரப்பிள்ளையக் குடுப்பா? முதல்ல ஏரிய ஒரு சுத்து சுத்திக் காட்டுங்க. அப்புறம் தாத்தா ஆகலாம்.”

சிரிப்புக்குச் சொன்னது. நானும் சிரித்தேன். அதற்குப் பிறகு டோரிஸ் அதிக நாள் இருக்கவில்லை. உயிரோடு இருந்தவரை மனைவி சொன்ன எதையும் காதில் போட்டுக்கொள்ளாத அண்ணன், அவர் போன பிறகு இந்த ஒரு பேச்சை மட்டும் வேதவாக்காகப் பிடித்துக்கொண்டார்.

அவர்களுக்கு ஒரே மகள், எவ்லின். சிங்கப்பூர் எல்லையை ஒட்டிய ஜேபியில், மாசாய் பக்கம் இருக்கிறாள். அவளும் அவள் புருஷனும் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் வருகிறவர்கள். இருட்டில் போய் இருட்டில் திரும்புவார்கள். பையன் பிறந்தான், அட்ரியன் என்று பெயர் வைத்தார்கள். பார்த்துக்கொள்ள ஆள் கிடைக்கவில்லை. அப்பா வந்து கூட இருந்தால்தான் தன்னால் வேலைக்குப் போகமுடியும் என்று எவ்லின் போனில் அழாக்குறையாகக் கேட்டாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

“ராணி ஒரு சுத்து வரட்டும்மா. மறுநாளே பெட்டியக் கட்டிருவேன். உங்கம்மாவுக்குக் குடுத்த வாக்கு,” என்றார் அண்ணன்.

ஆக, ராணி ஏரியை ஒருமுறை சுற்றிவந்தால் செபஸ்தியன் அண்ணன் லாபிஸை விட்டுப் போய்விடுவார். இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

முதல் தடவை மூழ்கியது என் குற்றமில்லை. இதை அழுத்திச் சொல்கிறேன். இந்த மாதிரிக் கப்பல்களின் வால் பக்கத்தில், அடியில் ஒரு சிறு துளை விடுவோம். உள்ளே புகுந்த தண்ணீரை ஓட்டம் முடிந்தபின் வடிப்பதற்கு. அதைக் கறுப்பு ரப்பர் அடைப்பான் ஒன்றால் மூடிவைப்போம். அன்று நான் அதைச் சரியாக அழுத்தவில்லை போலிருக்கிறது. ராணி பாதி ஏரி போய், பின்பக்கம் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்து, புகைபோக்கி மட்டும் தெரிய நின்று, பிறகு அதுவும் போய்விட்டது. எங்கள் கூட்டத்தில் இளையவன் ரூபேந்திரன் மார்பளவு தண்ணீரில் இறங்கித் தேடி எடுத்துவந்தான்.

அதற்குப் பிறகு வந்த நாட்களைப் பற்றி நான் சொல்லியாகவேண்டும். மோட்டாரைக் கழற்றிக் காயவைக்க வேண்டும், ரிசீவர் மாற்ற வேண்டும், வண்ணம் தொட வேண்டும். செபஸ்தியன் அண்ணன் தினமும் காலையில் என் வீட்டுப் போர்ச்சுக்கு வந்துவிடுவார். தனலெட்சுமி தோசை ஊற்றுவாள். நாங்கள் ஒரே திருகாணியை மாறி மாறித் திருகுவோம். அவர் துறைமுகத்துக் கதை சொல்வார், நான் ஆலைக் கதை சொல்வேன், இருவருக்கும் இரண்டும் மனப்பாடம். ஓய்வுபெற்ற பிறகு நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததே கிடையாது. காலையில் எழுந்ததும் இன்றைக்கு ஒருவர் வருவார் என்று நினைப்பதில் என்ன சுகம் என்பது, யாரும் வராத வீட்டில் இருந்து பார்த்தவனுக்குத்தான் தெரியும்.

வேலை முடிந்தது. ராணி முன்னைவிட அழகாகிவிட்டாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஓட்டம் என்று முடிவானது. அன்று மாலை நான் சாமி மேடைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தேன். கற்கண்டு டப்பா கண்ணில் பட்டது. சாமி காட்டியது என்று சொல்லமாட்டேன். கண்ணில் பட்டது, அவ்வளவுதான்.

சீனிக்கட்டி உடனே கரைந்துவிடுகிறது. கப்பல் கரையோரத்திலேயே மூழ்கினால் யாருக்கும் மரியாதையில்லை. வெல்லம் குழைந்துவிடுகிறது. கட்டிக் கற்கண்டுதான் பொறுமையானது. வாளித் தண்ணீரில் வைத்துப் பார்த்தேன். அடைப்பான் வடிவத்தில் அதை அரத்தால் ராவி எடுத்து, மேலே கொஞ்சம் கண்மை பூசினால் ரப்பருக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. மை இருப்பதால் கரைவதும் நிதானப்படுகிறது. கப்பல் ஏரியின் தூரத்து முனையைத் தொட்டுத் திரும்புகிற நேரத்துக்குக் கணக்காக இருக்கும். வீட்டில் கற்கண்டோடு கண்மையும் குறைந்ததைத் தனலெட்சுமி கவனித்தாள். கற்கண்டைப் பற்றித்தான் சண்டை போட்டாள். கண்மையைப் பற்றி அவள் என்ன நினைத்தாள் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

கற்கண்டைத் தின்றதாக ஒப்புக்கொண்டேன். வேறு வழியில்லை. அன்றிலிருந்து தினமும் காலையில் வெறும் வயிற்றில் பாகற்காய்ச் சாறு. தண்டனை அனுபவிக்காதவன் என்று யாரும் என்னைச் சொல்லமுடியாது.

மாற்றுவதும் சிரமமாக இருக்கவில்லை. புதுக் கார் எடுத்தால் நாம் என்ன செய்வோமோ, அதையே கப்பலுக்கும் செய்வது எங்கள் வழக்கம். சந்தனம், குங்குமம், அடியில் வைத்து நசுக்க ஓர் எலுமிச்சம்பழம். செபஸ்தியன் அண்ணன் மாதா கோயிலிலிருந்து தீர்த்தம் கொண்டுவந்து தெளித்துச் சிலுவை போட்டுக்கொள்வார். அதன்பின் எல்லோரும் கண்ணை மூடிக் கும்பிடுவார்கள். கப்பலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பது என் வேலை. இரண்டு மதத்துக்காரர்களும் ஒரே நேரத்தில் கண்ணை மூடுகிற வேளையில் ஒரு ரப்பரைப் பிடுங்கி ஒரு கற்கண்டைச் செருகுவதற்கு அப்படியொன்றும் பெரிய சாமர்த்தியம் வேண்டாம்.

ராணி மூழ்கினாள். மறுபடி தோசை, மறுபடி துறைமுகக் கதை. சீர்செய்து விட்டோம், மறுபடி மூழ்கினாள். எத்தனை தடவை என்று நான் எண்ணவில்லை. எண்ணினால் மனசுக்குக் கஷ்டமாக இருக்கும்.

நடுவில் அட்ரியனின் ஞானஸ்நானம் வந்தது. செபஸ்தியன் அண்ணன் போகவில்லை. ராணி ஓடாமல் எந்த மூஞ்சியோடு பேரனைத் தூக்குவது என்று கேட்டார். அது அவருடைய முடிவு. நான் போகச் சொல்லி ஒருதடவை சொன்னேன். மெதுவாகத்தான் சொன்னேன், அவர் உப்புத்தாள் தேய்த்துக்கொண்டிருந்தார். அன்று மதியம் எங்கள் வீட்டில் கோழிக்கறி வைக்கச் சொன்னேன். ஞானஸ்நான விருந்து தவறிப்போன மனிதருக்கு அந்தக் குறை தெரியக்கூடாது அல்லவா.

ஒரே ஒரு தடவைதான் மாட்டிக்கொள்ளப் பார்த்தேன். கும்பிட்டு முடித்துக் கப்பலைத் தண்ணீரில் விடப்போகிற நேரம். ரூபேந்திரன் குனிந்து பார்த்தான்.

“அண்ணே, கப்பல் வால்ல எறும்பு மொய்க்குது லா.”

“சர்க்கரைப் பொங்கல் வச்சுக் கும்பிட்டா எறும்பு வராம யானையா வரும்?” என்றேன்.

“பொங்கல் எங்க வச்சோம்?”

“வீட்டுல வச்சேன். கையில ஒட்டியிருக்கும்.”

அந்த வாரத்திலிருந்து ஏரிக்கரைக்கு உண்மையாகவே சர்க்கரைப் பொங்கல் கொண்டுபோக வேண்டியதாயிற்று. தனலெட்சுமி பொங்கி, எனக்குத் தரக்கூடாது என்று எல்லோரிடமும் சொல்லி அனுப்புவாள். ஒரு பொய் சொன்னவன் எவ்வளவு வேலை பார்க்கவேண்டியிருக்கிறது என்பது வெளியே இருக்கிறவர்களுக்குத் தெரியாது.

ஆனால் ரூபேந்திரன் யோசிக்கிற பையன். மூழ்கி எடுக்கிறபோதெல்லாம் அடைப்பான் மட்டும் காணாமல் போகிறதே, ஏன் என்று யோசித்தான். யாரோ அடியிலிருந்து கடித்துப் பிடுங்குகிறார்கள் என்று முடிவுக்கு வந்தான். ஏரியில் ஒரு பெரிய தோமான் மீன் உண்டு. தவளை, வாத்துக்குஞ்சு என்று மேலே எது அசைந்தாலும் பாய்ந்து கவ்வுகிற மீன். அதுதான் குற்றவாளி என்றான். எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். நான் அந்த மீனைக் காட்டிக்கொடுக்கவில்லை. கேட்டபோது, “இருக்கலாம்” என்று மட்டும் சொன்னேன். இருக்கலாம் என்பது பொய்யாகாது.

தூண்டில் போட்டார்கள். தவளையைக் கோத்துக் காத்துக்கிடந்து பிடித்தார்கள். தொடை தண்டி மீன். கரையில் போட்டபோது அது வாயைத் திறந்து திறந்து மூடியது. என் பக்கம் பார்த்ததாக எனக்குத் தோன்றியது, ஆனால் மீனுக்குக் கண் இரண்டு பக்கமும் இருப்பதால் அது எல்லோரையும்தான் பார்த்திருக்கும். ரூபேந்திரன் வயிற்றைக் கீறித் தேடினான். ஓர் அடைப்பான்கூட இல்லை.

“ஜீரணமாயிருச்சு,” என்றான்.

“ரப்பரா?” என்று கேட்டார் செபஸ்தியன் அண்ணன்.

“ரப்பர் காட்ட அழிச்சு வெட்டுன ஏரி அண்ணே. பழகியிருக்கும்.”

அன்று மதியம் ரூபேந்திரன் வீட்டில் தோமான் குழம்பு. புளி தூக்கலாக, மிகவும் நன்றாக இருந்தது. ஒரு பாவமும் அறியாத அந்த மீனை நான் இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். சாப்பிடாமல் இருந்திருந்தால் சந்தேகப்பட்டிருப்பார்கள்.

எதிரி ஒழிந்துவிட்டான் என்பதால் அடுத்த ஓட்டத்துக்கு எவ்லினே காரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். இடுப்பில் அட்ரியன். அப்பாவின் பெட்டியை முன்னாலேயே டிக்கியில் ஏற்றிவிட்டாள். வெளிப்படையாகவே சொல்கிறேன், பயந்தேன். நாளைக் காலையில் போர்ச்சில் ஒரு நாற்காலி சும்மா கிடக்கும் என்ற பயம். இந்த ஒருதடவை வேண்டாம் என்று நினைத்துக்கொண்டுதான் வந்திருந்தேன். கற்கண்டு பையில் இருந்தது தற்செயல்தான். எல்லோரும் கண்ணை மூடினார்கள். என் கை தானாகப் போயிற்று.

ராணி அன்று ஓடிய ஓட்டம் இருக்கிறதே, அப்படி ஓடியதே இல்லை. தூரத்து முனையைத் தொட்டுத் திரும்பினாள். மை கொஞ்சம் கூடிவிட்டதால் முக்கால் ஏரி தாண்டிவிட்டாள். செபஸ்தியன் அண்ணன் ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு “டோரிஸ், பாரு டோரிஸ்” என்று முணுமுணுத்தார். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. கரைக்கு இன்னும் கொஞ்ச தூரம்தான். அப்போது பின்பக்கம் தாழ்ந்தது.

“அலமாக்,” என்றான் ரூபேந்திரன்.

புகைபோக்கி கடைசியாகப் போனது. அட்ரியன் கைதட்டிச் சிரித்தான். அந்தக் கூட்டத்தில் என்னைத் தவிர நிம்மதியாக இருந்தது அவன் ஒருவன்தான்.

குற்றவாளியைக் கொன்று தின்றாகிவிட்டது, பிறகும் கப்பல் மூழ்குகிறதே என்று எல்லோரும் திகைத்தார்கள். தோமானுக்கு ஜோடி இருந்திருக்கும், புருஷனைத் தின்றவர்களைப் பழிவாங்குகிறது என்றான் ரூபேந்திரன். அந்த மீனம்மாவிடம் மன்னிப்புக் கேட்பதென்று தீர்மானமாகி, வெற்றிலை, பூ, பழத்தோடு ஏரிக்குப் படையல் வைத்தோம். செபஸ்தியன் அண்ணன் மெழுகுவர்த்தி ஏற்றினார். தட்டை ஏந்திக்கொண்டு நின்றது நான்.

படையல் முடிந்ததும் எவ்லின் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

“அங்கிள், நான் சிங்கப்பூர் வேலைய விட்டுட்டேன். இன்னிக்கு அப்பா எங்கூட வந்திருந்தா அத அவர்கிட்ட சொல்லாம மறைச்சிட்டு, வேலையத் திரும்பக் கேட்டுப் பாத்திருப்பேன். பரவால்ல. அப்பாவுக்கு நீங்க ஒருத்தராவது பக்கத்துல இருக்கீங்க. ரொம்ப தேங்க்ஸ் அங்கிள்.”

“அதனால என்னம்மா,” என்றேன்.

பெட்டியை இறக்கிவைத்துவிட்டு அவள் போய்விட்டாள். நான் இதைப் பற்றி நிறைய யோசித்தேன். விடியுமுன் எழுந்து சிங்கப்பூர்ப் பாலத்து நெரிசலில் போய்வருவது ஒரு பெண்ணுக்கு எவ்வளவு கஷ்டம். பெற்ற தாய் கூடவே இருந்து வளர்ப்பதைப் போல வருமா. அந்தக் குழந்தைக்கு அம்மா கிடைத்திருக்கிறாள் என்றால் அதில் எனக்கும் ஒரு சிறு பங்கு உண்டு. இதை நான் யாரிடமும் சொல்லிப் பெருமைப்பட்டதில்லை.

என்னை உறுத்தியது வேறொன்று. மறுநாள் காலையில் செபஸ்தியன் அண்ணன் வந்தார். தோசையைத் தொடவில்லை. கதை சொல்லவில்லை. நனைந்த மோட்டாரைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“டோரிஸ் சொன்னது சரிதான் சபா. ஒரு பொம்மையக் கரை சேக்கத் தெரியல. நேத்து எவ்லின் பிள்ளையக் குடுத்தா, நான் கைய நீட்டல. கீழ போட்டுருவேனோன்னு பயமா இருந்துச்சு.”

துறைமுகத்தில் மலைபோன்ற கப்பல்களை இழுத்துக் கரை சேர்த்த கை அது. எனக்கு அழுகை வந்துவிட்டது. நான் செய்தது தவறு என்று அந்த நிமிடம் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. ஆம், ராணியை ஒவ்வொரு தடவையும் மூழ்கடித்தவன் நான். மீன் செய்யவில்லை, மீனின் சம்சாரமும் செய்யவில்லை. ஒரு மனிதரைத் தன் கையையே நம்பாதபடி ஆக்கியவன் நான்தான். இதைச் சொல்வதற்கு எனக்கு வெட்கமில்லை, ஏனென்றால் நான் திருந்திவிட்டேன்.

அன்றே வடிகால் துளையை எபோக்ஸி பசை வைத்து நிரந்தரமாக அடைத்தேன். மீதிக் கற்கண்டைத் தனலெட்சுமியிடம் கொடுத்து, இனி தொடமாட்டேன் என்று சாமி மேடையில் சத்தியம் செய்தேன். அவள் மனம் இளகிப் பாகற்காய்ச் சாற்றை நிறுத்திவிட்டாள். வரும் ஞாயிற்றுக்கிழமை மறுபடி ஓட்டம். எவ்லினும் அட்ரியனும் வருகிறார்கள். நானே போன் செய்து கூப்பிட்டேன்.

இனி ராணிக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் போகாது. யாரும் மார்பளவு தண்ணீரில் இறங்கவேண்டியதில்லை, எந்த ஜீவனும் சாகவேண்டியதில்லை. செபஸ்தியன் அண்ணன் தன்னைக் குறைசொல்லிக்கொள்ளவும் வேண்டாம், பாட்டரி நின்றால் அது பாட்டரியின் குற்றம்தானே. பார்க்கப் புதிது போலவே இருக்கிற ஒரு பழைய பாட்டரியை நேற்றுத்தான் தேடிப்பிடித்து மாற்றினேன். முக்கால் சுற்று போனதும் ராணி அப்படியே நின்றுவிடுவாள், அவ்வளவுதான்.